ஓயாவுக்கு எவ்வளவு, மெஷினுக்கு எவ்வளவு? சிறு நீர்மின் திட்டத்தில் நான்கு வழிகள்

மலைநாட்டில் ஓர் ஓயாவுக்கு, அதாவது சிற்றாற்றுக்கு, சிறு நீர்மின் திட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் போதும், ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். பாதை வரும், பாலம் வரும், நான்கு பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று ஒரு கட்சி. ஆறு செத்துப்போகும் என்று இன்னொரு கட்சி. இரண்டும் மோதிக்கொண்டிருக்கும்போதே அனுமதிப் பத்திரத்தில் ஒரு வரி எழுதப்பட்டுவிடும்: தடுப்பணைக்குக் கீழே செக்கனுக்கு இத்தனை லீற்றர் நீர் விடப்பட வேண்டும். ஒப்பந்தம் நீடிக்கும் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு அந்த ஓயாவின் கோடையும் மழைக்காலமும் எப்படி இருக்கும் என்பதை அந்த வரிதான் முடிவு செய்கிறது. ஆனால் கூட்டங்களில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

அந்த வரியை எழுத நான்கு வழிகள் இருக்கின்றன. தோட்டக் கமிட்டியோ கமக்கார அமைப்போ கூட்டத்துக்குப் போகும்போது எதைக் கேட்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று முடிவு செய்ய உதவும் என்பதற்காக அவற்றை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

இத்திட்டங்களில் விக்டோரியா, ரந்தெனிகல போன்ற பெரிய அணை கிடையாது. இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் ஒரு தடுப்பணை. அதன் ஓரத்தில் நீர் உள்ளே போகும் வாய். மணல் படிய ஒரு தொட்டி. மலைச்சரிவை ஒட்டி ஒரு கால்வாய். பிறகு செங்குத்தாக இறங்கும் இரும்புக் குழாய், அடியில் மின்னிலையம். டர்பைனைச் சுழற்றிய நீர் மீண்டும் ஓயாவிலேயே விழுகிறது. “ஒரு சொட்டுக்கூட வீணாகாது, எல்லாம் திரும்ப ஆற்றுக்குத்தான் வருகிறது” என்று கம்பனிக்காரர்கள் சொல்வது உண்மைதான். தடுப்பணையிலிருந்து மின்னிலையம் வரை உள்ள ஒன்று, இரண்டு, சில இடங்களில் மூன்று கிலோமீற்றரைப் பற்றி அவர்கள் சொல்வதில்லை. லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெண்கள் துணி துவைக்கும் கல், பீலிக்கு நீர் எடுக்கும் இடம், கீழே உள்ள வயலின் சிறு அணை, பிள்ளைகள் குளிக்கும் குண்டு எல்லாம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. சரிவு எங்கே அதிகமோ அங்கேதான் கம்பனிக்கு இலாபம். அருவியும் அங்கேதான் இருக்கும்.

இது இலங்கைக்குப் புதிதல்ல. பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர நீர்மின்சாரத்துக்காக வாதாடி 1918இல் கட்டுரை படித்ததற்கு முன்பே மலைநாட்டில் ஓடைநீர் இயந்திரம் சுழற்றியது. தேயிலைத் தொழிற்சாலைகள் பல தமக்கென ஒரு சிறு டர்பைன் வைத்திருந்தன. லக்சபான நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1950க்குப் பிறகு பரவப் பரவ அவை துருப்பிடித்தன. 1990களில் தனியாருக்கு வாசல் திறந்தது. 10 மெகாவோட் வரையான நிலையங்களின் மின்சாரத்தை மின்சார சபை நிலையான ஒப்பந்தத்தில் வாங்கத் தொடங்கியது. இப்போது நாட்டில் இருநூறுக்கு மேற்பட்ட சிறு நிலையங்கள், சேர்த்துப் பார்த்தால் 400 மெகாவோட் அளவில் இருக்கின்றன. நல்ல இடங்களெல்லாம் போய்விட்டன. மிச்சமிருப்பவை சிறிய ஓயாக்கள். நீர் குறைந்த ஓயாவில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும், நடப்பதோ நேர்மாறு.

ஒரு மாதிரி ஓயாவை எடுத்துக்கொள்வோம். இது கற்பனை ஓயாதான்; ஆனால் மேற்குச் சரிவில், யட்டியாந்தோட்டை, கித்துல்கலைப் பக்கம் இருக்கக்கூடிய அளவு. 13 சதுர கிலோமீற்றர் நீர்ப்பிடிப்பு, அதாவது மழைநீர் வடிந்து ஓயாவுக்கு வரும் நிலம். ஆண்டுக்கு 4,000 மில்லிமீற்றர் மழை, அதில் அறுபது வீதம் ஓயாவுக்கு வருகிறது. சராசரி செக்கனுக்கு ஏறத்தாழ 1,000 லீற்றர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி, ஒக்டோபர் நவம்பரில் இடைப்பருவ மழை, ஜனவரியிலிருந்து வற்றி மார்ச்சில் அடிமட்டம். ஊவாப் பக்கத்து ஓயாக்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே டிசம்பர் ஜனவரி மழை, ஆண்டு நடுவில்தான் வறட்சி. மாதங்களை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் 120 மீற்றர் வீழ்ச்சியில், செக்கனுக்கு 1,200 லீற்றர் விழுங்கும் மெஷின் வைத்தால் சுமார் 1.1 மெகாவோட். 100 லீற்றருக்குக் கீழே அந்த மெஷின் ஓடாது என்று வைத்துக்கொள்கிறேன். ஓயாவுக்கு ஒன்றுமே விடாமல் எல்லாவற்றையும் குழாயில் திருப்பினால் ஆண்டுக்கு 72 இலட்சம் அலகு மின்சாரம் வரும். வழி 1 ஆண்டு முழுவதும் ஒரே அளவு விடுவது; வழி 2 பருவத்துக்கொரு வீதம்; வழி 3 முதல் 150 லீற்றரும் மேலதிகத்தில் பத்தில் ஒன்றும் ஓயாவுக்கு; வழி 4 மெஷினையே சிறிதாக்குவது. ஒவ்வொன்றையும் கீழே விளக்குகிறேன். இனி நான்கு வழிகளிலும் தடுப்பணைக்குக் கீழே எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். எண்களெல்லாம் செக்கனுக்கு லீற்றரில்.

| மாதம் | இயற்கை வரத்து | வழி 1 | வழி 2 | வழி 3 | வழி 4 |
|---|---|---|---|---|---|
| ஜனவரி | 400 | 100 | 80 | 175 | 150 |
| பெப்ரவரி | 220 | 100 | 44 | 220 | 220 |
| மார்ச் | 200 | 100 | 40 | 200 | 200 |
| ஏப்ரல் | 600 | 100 | 150 | 195 | 150 |
| மே | 1,300 | 100 | 390 | 265 | 500 |
| ஜூன் | 1,900 | 700 | 700 | 700 | 1,100 |
| ஜூலை | 1,500 | 300 | 450 | 300 | 700 |
| ஓகஸ்ட் | 1,200 | 100 | 360 | 255 | 400 |
| செப்டெம்பர் | 1,200 | 100 | 360 | 255 | 400 |
| ஒக்டோபர் | 1,500 | 300 | 450 | 300 | 700 |
| நவம்பர் | 1,200 | 100 | 300 | 255 | 400 |
| டிசம்பர் | 700 | 100 | 175 | 205 | 150 |
| ஆண்டு மின்சாரம் (இலட்சம் அலகு) | | 67 | 58 | 59 | 47 |

மாதச் சராசரியில் போட்ட கணக்கு இது. நாள் கணக்கில் பார்த்தால் வெள்ளம் வரும் நாளில் அணைக்கு மேலே வழியும், வெயில் நாளில் இதைவிடக் குறையும். அலகு எண்ணிக்கையும் சற்று இறங்கும். வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும்.

வழி 1: ஆண்டு முழுவதும் ஒரே அளவு

அதிகம் எழுதப்படுவது இதுதான். ஆண்டுச் சராசரியில் பத்து வீதத்தை எப்போதும் விட வேண்டும் என்பது ஒரு வடிவம். அமெரிக்காவில் 1976இல் டென்னன்ட் என்பவர் முன்வைத்த முறையில் இந்தப் பத்து வீதம் மீன்கள் தற்காலிகமாக உயிர் பிழைத்துக் கிடப்பதற்கான அடிமட்டம். நல்ல நிலைக்கு அவர் சொன்ன அளவுகள் பருவத்துக்குப் பருவம் மாறும், இதைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. எந்த ஊரிலும் ஆவணத்துக்குள் நுழைவது என்னவோ அந்த அடிமட்டம் மட்டும்தான்.

சுவிட்சர்லாந்தின் நீர்ப் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியில் வருகிறது. ஆண்டில் 347 நாட்களாவது ஓயாவில் இருக்கும் நீரின் அளவை முதலில் கண்டுபிடிக்கிறார்கள். அது 60 லீற்றர் என்றால் 50ஐ ஓடைக்கு விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 லீற்றருக்கும் இன்னும் 8. ஓடை பெரிதாகப் பெரிதாக இந்த விகிதம் குறைகிறது. நம் மாதிரி ஓயாவில் அந்த 347 நாள் அளவு 120 என்று வைத்தால் கணக்கு 98 லீற்றரில் முடிகிறது. அதாவது இரண்டு முறைகளும் நம்மை ஏறத்தாழ ஒரே 100 லீற்றருக்குக் கொண்டுவந்து விடுகின்றன. சுவிஸ் சட்டம் அங்கே நிற்பதில்லை. மீன் நகரும் இடத்தில் போதிய ஆழம் வேண்டும், தேவைப்பட்டால் அளவைக் கூட்ட வேண்டும் என்று தொடர்கிறது.

அட்டவணையின் முதல் வழியை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். ஒன்பது மாதங்கள் ஒரே 100. மார்ச்சிலும் 100, பருவமழை கொட்டும் மே மாதத்திலும் 100, செப்டெம்பரிலும் 100. இயற்கையில் மூன்று மாதம் இருந்த கோடையை இந்த விதி ஒன்பது மாதமாக நீட்டிவிடுகிறது. ஊர்க்காரர்கள் “ஆறு வற்றிவிட்டது” என்று சொல்வதும், அதிகாரி வந்து அளந்து “நிபந்தனைப்படி நீர் இருக்கிறதே” என்று சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

இதன் பலம் ஒன்று உண்டு: வறட்சியில் கைகொடுக்கும். வரத்து 110 லீற்றருக்கு இறங்கிய நாளிலும் 100 ஓடைக்குத்தான், மெஷின் நின்றுவிடும். பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. மார்ச்சில் 200இல் பாதியை எடுப்பதால் கம்பனிக்குக் கிடைப்பது என்ன? இந்தக் கணக்கில் பெப்ரவரியும் மார்ச்சும் சேர்ந்து ஆண்டு உற்பத்தியில் இரண்டேகால் வீதம்தான் தருகின்றன. 67 இலட்சத்தில் ஒன்றரை இலட்சம் அலகு. அதற்காக ஓயா தன் மிக மோசமான இரண்டு மாதங்களில் பாதி நீரை இழக்கிறது. நான் பார்த்தவரை எந்தக் கூட்டத்திலும் முதலில் மேசையில் வைக்க வேண்டிய எண் இதுதான். மின்னிலையத்துக்கு அந்த இரண்டு மாதங்கள் சில்லறை, ஓடைக்கோ அவைதான் உயிர்.

ஒரு பதில் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஒப்பந்தங்களில் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வறட்சிக் காலம் என்று பிரித்து அலகுக்குச் சற்று அதிக விலை கொடுக்கப்பட்டது. அப்படியான ஒப்பந்தமாக இருந்தால் ரூபாய்க் கணக்கில் இரண்டேகால் என்பது கொஞ்சம் ஏறும். கொஞ்சம்தான்.

வழி 2: பருவத்துக்கொரு வீதம்

கேட்பதற்கு இதுதான் அறிவியல் பூர்வமாக ஒலிக்கும். இந்தியாவில் கங்கையின் மேற்பகுதிக்கு 2018 ஒக்டோபரில் வந்த அறிவிப்பு இந்த வகை. நவம்பர் முதல் மார்ச் வரை வரத்தில் 20 வீதம், ஒக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டெம்பர் வரை 30 வீதம். நம் மழைக்கேற்ப மாற்றி, ஜனவரி முதல் மார்ச் வரை 20, ஏப்ரல், நவம்பர், டிசம்பரில் 25, மே முதல் ஒக்டோபர் வரை 30 என்று அட்டவணையில் போட்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஓயாவுக்கு ஓயாவின் முகம் திரும்பக் கிடைக்கிறது. ஏற்றமும் இறக்கமும் தெரிகின்றன. கோடைக்கு வந்ததும் விழுகிறது அடி. இருபது வீதம் என்ற சொல் பெரியதாகத் தெரிகிறது, ஆனால் 200இல் இருபது வீதம் வெறும் 40. மூன்று மீற்றர் அகலமான கல்லாற்றில் 40 லீற்றர் என்பது கற்களுக்கிடையே நெளியும் ஒரு கோடு. கங்கை போன்ற பெரிய, பனி உருகி வரும் ஆற்றில் 20 வீதம் என்பதும் ஓர் ஆறுதான். 13 சதுர கிலோமீற்றர் ஓயாவில் அப்படி இல்லை.

கம்பனிக்கும் இதில் பெரிய ஆதாயம் இல்லை. 72 இலட்சம் 58 ஆகிறது, ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அந்த இழப்பில் பெரும்பகுதி நீர் தாராளமாக இருக்கும் மாதங்களில். இருந்தும் வறட்சி காப்பாற்றப்படவில்லை. இரு தரப்புக்கும் மோசமான பேரம். வீதத்தை மட்டும் வைத்து எழுதிய நிபந்தனையை, அடியில் ஒரு நிலையான எண் இல்லாமல், எந்த ஊரும் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

வழி 3: முதல் 150 ஓயாவுக்கு, மேலதிகத்தில் பத்தில் ஒன்று

வரும் நீரில் முதல் 150 லீற்றரைத் தொடக்கூடாது. அதற்கு மேல் வருவதில் பத்தில் ஒரு பங்கும் ஓயாவுக்கு. மிஞ்சியது மெஷினுக்கு. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் மெஷினுக்குக் கிடைப்பது 63உம் 45உம். அது ஓடாது, நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆகவே முழு நீரும் ஓயாவில். “இத்தனையாம் திகதி மூட வேண்டும்” என்று தனியாக எழுதத் தேவையில்லை, கணக்கே மூடிவிடுகிறது. மழை தாமதமான ஆண்டில் ஏப்ரலிலும் மூடும், மழை முந்தி வந்த ஆண்டில் மார்ச் கடைசியிலேயே திறக்கும்.

59 இலட்சம் அலகு. இரண்டாம் வழியைவிட ஓர் இலட்சம் அதிகம், கோடை ஓட்டம் ஐந்து மடங்கு. ஒப்பிட்டால் வேறு பேச்சே இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது இதைக் கொங்கிரீட்டிலேயே எழுதிவிடலாம் என்பது. தடுப்பணையின் அடியில், நீர்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் கீழே, 24 சென்ரிமீற்றர் நீள அகலத்தில் ஒரு சதுரத் துளை விட்டால் அதன் வழியே செக்கனுக்கு 150 லீற்றர் அளவில் போகும். துளையின் இடம் கால்வாய் வாயின் அடிமட்டத்தை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போது நீர் குறையும்போது முதலில் காய்வது கால்வாய், ஓயா அல்ல. மேலதிகப் பங்குக்கு அணையின் தலையில் ஒரு வெட்டு. துளைக்குக் கதவு வைக்கக் கூடாது. கதவு என்று ஒன்று இருந்தால் இரவு பத்து மணிக்கு அதை மூட ஒரு கை வரும், காலையில் திறந்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். சருகும் கல்லும் அடைக்காமல் இருக்க முன்னால் கம்பி வலை, வாரத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யும் பொறுப்பு யாருக்கு என்று எழுத்தில்.

வழி 4: மெஷினையே சிறிதாக்குவது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1,200 லீற்றருக்குப் பதிலாக 800 லீற்றர் மெஷின், அடியில் அதே 150 துளை, வேறு நிபந்தனை இல்லை. திறன் 1.1 மெகாவோட்டிலிருந்து 750 கிலோவோட் ஆகக் குறைகிறது. மின்சாரம் 47 இலட்சம் அலகு. முதல் வழியோடு ஒப்பிட்டால் முப்பது வீதம் இழப்பு, கம்பனியின் முகம் சுருங்கும். ஆனால் குழாய் மெலிகிறது, கால்வாய் குறுகுகிறது, மெஷினும் மலிவாகிறது. முதலீடும் இறங்குகிறது என்பதைப் பேச்சில் மறைத்துவிடுவார்கள்.

ஓயாவின் பக்கம் பாருங்கள்: மே மாதம் 500, ஜூன் 1,100, ஓகஸ்ட்டில் 400. மழைக்காலம் மழைக்காலமாகவே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி, ஏப்ரலில் மூன்றாம் வழியைவிட ஓரளவு குறைவு, அது உண்மை. ஆனால் இந்த வழியில் மழைக்கால நீரை யாரும் திருட முடியாது. மெஷின் குடிக்க முடியாத நீரை எந்த முகாமையாளரும் குடிக்க வைக்க முடியாது. கண்காணிப்பு பலவீனமான நாட்டில், அதிகாரி வருடத்துக்கு ஒரு தடவை ஜீப்பில் வந்து போகும் இடத்தில், இதன் பெறுமதி அட்டவணையில் தெரிவதைவிட அதிகம்.

நீர் மட்டும் அல்ல

ஓட்டம் தட்டையானால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடயங்கள். ஈரவலய ஓயாக்களில் விரல் நீள மீன் இனங்கள் சில, வயிற்றின் கீழே உறிஞ்சு வட்டு உள்ளவை, அருவிப் பாறையில் ஒட்டி ஒட்டி ஏறும். அவற்றின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்ததும் நீரோடு கடலுக்குப் போய், வளர்ந்து, மீண்டும் ஆறு ஏறி வருகின்றன. வழியில் ஒரு கிலோமீற்றர் காய்ந்து கிடந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும், அதற்கு மேலே எத்தனை அழகான காடு இருந்தும் பயனில்லை. களனி ஆற்றுப் படுகையில் மட்டுமே வாழும் அசோகா மீனும் வேகமாக ஓடும் தெளிந்த நீரைத்தான் நம்பியிருக்கிறது.

மற்றது குட்டை. ஓட்டம் நின்று பாறைக் குழிகளில் நீர் தேங்கினால் மலேரியா நுளம்பு பெருகும். 1934, 35இல் பல்லாயிரம் பேரைக் கொன்ற மலேரியா, வறட்சியில் ஆறுகள் குட்டைகளாக உடைந்தபோதுதான், வழக்கமாக அந்த நோய் அதிகம் இல்லாத ஈரவலயத்தில் பரவியது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது, உண்மை. நுளம்பு அந்த அறிவிப்பை வாசிக்கவில்லை.

மின்னிலையத்துக்குக் கீழே இருப்பவர்கள் இந்தப் பேச்சில் சேர்வதே இல்லை, ஆனால் உயிராபத்து அங்கேதான். வரத்து குறைந்த மாதங்களில் சில நிலையங்கள் தடுப்பணையில் நீரைத் தேக்கி, ஓட்டுமளவுக்குச் சேர்ந்ததும் மெஷினைப் போடும். அப்போது கீழே குளித்துக்கொண்டிருப்பவரின் முழங்கால் நீர் சில நிமிடங்களில் இடுப்புக்கு ஏறலாம். மெஷின் நின்றதும் மீன்கள் கல்லில் கிடக்கும். தேக்கி ஓட்டக் கூடாது, ஏற்றுவதும் இறக்குவதும் படிப்படியாக இருக்க வேண்டும், சங்கு ஊத வேண்டும் என்பவற்றை நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் சேர்த்தே எழுத வேண்டும்.

மேல் கொத்மலைத் திட்டம் சிறியது அல்ல, 150 மெகாவோட். ஆனால் அங்கே சென்கிளேயர் அருவிக்குச் செய்த ஏற்பாடு சிறு திட்டங்களிலும் எட்டிப் பார்க்கிறது: பகலில் குறிப்பிட்ட மணி நேரம் அருவியில் நீர் விடுவது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அருவி தெரியும். இரவில் மீனுக்கு மூச்சு வேண்டாம் என்று நினைத்தால் அது நல்ல ஏற்பாடு.

திட்டமே வேண்டாம் என்றால்

அதுவும் ஒரு வழிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. நான்காம் வழியின் 47 இலட்சம் அலகைக் கூரைச் சூரிய மின்சாரத்தில் எடுக்க, ஒரு கிலோவோட்டுக்கு ஆண்டுக்கு 1,350 அலகு வீதம், சுமார் 3,500 கிலோவோட் வேண்டும். வீட்டுக்கு 5 கிலோவோட் என்றால் 700 வீடுகள். கூரை மின்சாரம் அதிகம் வருவதும் ஓயா வற்றும் அதே மாதங்களில்தான், அந்த வகையில் நாட்டுக்கு இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஆனால் லயத்துத் தகரக் கூரையில், சொந்த உறுதிப்பத்திரம் இல்லாத வீட்டில், யார் போட்டுக் கொடுப்பார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நீர்மின் நிலையத்தின் இலாபமும் லயத்துக்கு வருவதில்லை என்பதால் இந்த ஒப்பீடு அந்த மக்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

ஊரே நடத்தும் 20 கிலோவோட் கிராமிய நிலையம் என்ற யோசனை சிலருக்கு இனிக்கும். 60 மீற்றர் வீழ்ச்சியில் அதற்கும் 57 லீற்றர் வேண்டும், மார்ச் நீரில் கால் பங்குக்கு மேல். அப்படி நிலையம் நடத்திய கிராமச் சங்கங்கள் பல, மின்சார சபையின் கம்பி வந்ததும் கலைந்துபோயின. மலையின் மறைவில் கம்பி எட்டாத இடம் இன்னும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

என் தேர்வு

பேச்சு ஆரம்பக் கட்டத்தில், மெஷின் இன்னும் முடிவாகாத நிலையில் இருந்தால் நான்காம் வழி. சாத்தியப்பாட்டு அறிக்கை முடிந்து, குழாயின் விட்டம் தீர்மானமாகிவிட்டால் மூன்றாம் வழி. முதல் வழியைத்தான் தருவோம் என்று அடம்பிடித்தால், “வரத்து 250க்குக் கீழே வந்தால் மூட வேண்டும்” என்ற ஒரு வாக்கியத்தையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் கம்பனி இழப்பது அந்த இரண்டேகால் வீதம்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். இரண்டாம் வழி வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஓயாவின் மார்ச் மாத எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். கம்பனியின் அறிக்கையில் உள்ள எண் பெரும்பாலும் தூரத்தில் வேறோர் ஆற்றில் அளந்ததை நீர்ப்பிடிப்புப் பரப்பின் விகிதத்தில் சுருக்கியது. கோடையில் அது உண்மையைவிட அதிகம் காட்டினால் எல்லாக் கணக்கும் சாயும். அளப்பது கடினமல்ல. ஓயா நேராக, சீராக ஓடும் பத்து மீற்றர் தூரத்தைப் பார்த்து இரு முனையிலும் கயிறு கட்டுங்கள். அகலத்தை அளந்து, குறுக்கே ஐந்தாறு இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். காய்ந்த குச்சியைப் போட்டுக் கைத்தொலைபேசியில் நேரம் பிடியுங்கள், ஒரு தடவையோடு விடாமல் பலமுறை. அகலம் 3 மீற்றர், ஆழம் 25 சென்ரிமீற்றர், குச்சி பத்து மீற்றர் போக 30 செக்கன் என்றால் மேற்பரப்பு வேகத்தில் கணக்கு 250 லீற்றர் வரும். அடியில் நீர் மெதுவாகப் போவதால் அதை 0.8ஆல் பெருக்க 200. பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் மழை வரை வாரத்துக்கு ஒரு முறை, திகதியோடு ஒரு கொப்பியில். பக்கத்தில் உள்ள பாலத்துத் தூணில் சென்ரிமீற்றர் கோடு போட்ட ஒரு பலகையை அறைந்துவிட்டால், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையே படம் பிடித்து அனுப்பலாம். அந்தப் பலகையும், கொப்பியின் பிரதி ஒன்று பிரதேச செயலகத்திலும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிலும் கோப்பில் சேர்க்கப்படும் என்ற வாசகமும் நிபந்தனைப் பட்டியலில் இருக்க வேண்டும். கூட்டக் குறிப்பில் அது எழுதப்பட்டதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.